மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு வீட்டில் ஒரு ரத்தக் கணக்கு நோட்டு

நான் மேலூர்க்காரன், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மகளுக்கு வேலூரில் ஸ்டெம் செல் மாற்று, அதாவது மஜ்ஜை மாற்று நடந்தது. செல் கொடுத்தவன் அவள் தம்பி. ஊர் திரும்பியபின் இடைப்பட்ட ரத்தப் பரிசோதனைகள் மதுரையில்தான். ரிப்போர்ட்டைக் கவரோடு பீரோவில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. ஒற்றை எண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அது ஏறுகிறதா இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கட்டம் போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். செல் ஏற்றிய நாள் பூஜ்யம். அங்கிருந்து நாளை எண்ணுங்கள். முதல் 100 நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய காலம். ஹீமோகுளோபின், நியூட்ரோபில் (கிருமியோடு போராடும் வெள்ளையணு), பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), பிலிருபின் (கல்லீரலுக்கு), எல்.டி.ஹெச். (செல்கள் உடைந்தால் ஏறும் நொதி), டாக்ரோலிமஸ் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை) அளவு, சி.எம்.வி. (எதிர்ப்புச் சக்தி குறைந்தால் தலைதூக்கும் வைரஸ்) என்று கட்டங்கள் போடுங்கள். கடைசிக் கட்டத்தில் எடை, பிரஷர், எத்தனை முறை வயிற்றால் போனது என்பதையும் எழுதுங்கள். மகள் இதை ‘அப்பாவின் வட்டிக் கணக்கு’ என்று கிண்டல் செய்வாள். செய்யட்டும்.

ரத்தம் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். மாட்டுத்தாவணி பக்கம் ஒரே லேபாக வைத்துக்கொள்ளுங்கள். லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். டாக்ரோலிமஸ் பார்க்கிற அன்று காலை மாத்திரையைப் போடாமல் கையில் கொண்டு போங்கள், ரத்தம் எடுத்தபின் போடலாம். பூஞ்சைக்கான மாத்திரை தொடங்கினாலும் நிறுத்தினாலும் இந்த அளவு மாறும். அந்தத் தேதியையும் குறியுங்கள். ஊரில் ரத்தம் எடுத்து, வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை வேண்டாம். சிவப்பணு உடைந்தால் எல்.டி.ஹெச். பொய்யாக ஏறிவிடும்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. எல்.டி.ஹெச்., கிரியேட்டினின் இரண்டும் ஏறி, பிளேட்லெட் இறங்கினால் சிறு ரத்தக் குழாய்களின் உள்சுவர் அடிபடுகிறதோ என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். மூன்றையும் ஒரே எண்ணாக்கும் கணக்கை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் டாக்டர்கள் 2017-ல் வெளியிட்டார்கள். பெயர் ஈசிக்ஸ். எல்.டி.ஹெச்.சை கிரியேட்டினினால் பெருக்கி, பிளேட்லெட்டால் வகுக்க வேண்டும். நம்மூர் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் லட்சத்தில் இருக்கும், 1.2 லட்சத்தை 120 என்று எடுங்கள். எல்.டி.ஹெச். 240, கிரியேட்டினின் 0.8 என்றால் விடை 1.6. அதுவே 360, 1.0, பிளேட்லெட் 60,000 என்று வந்தால் 6. இந்த ஏற்றத்தை டாக்டரிடம் காட்டுங்கள். தீர்ப்பு நீங்கள் சொல்லாதீர்கள். சில மருந்துகளாலும் பிளேட்லெட் குறையும். ஸ்மியரில் (கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் ரத்தத்தில்) உடைந்த சிவப்பணு தெரிகிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

எஸ்.டி.2, ரெக்3 ஆல்ஃபா என்று இரண்டு புரதங்கள் பற்றியும் படிப்பீர்கள். தானம் வந்த செல்கள் குடலைத் தாக்கும் ஜி.வி.ஹெச்.டி. கடுமையாகுமா என்று முன்கூட்டிக் கணிக்க உதவுபவை. அதற்காக லேப் லேபாக அலைய வேண்டாம். பேதி எத்தனை முறை என்று ஒழுங்காக எழுதினாலே டாக்டருக்குப் பெரிய உதவி.

பிலிருபினும் எடையும் சேர்ந்து ஏறுவது முதல் மூன்று வாரத்தில் கல்லீரல் பற்றிய எச்சரிக்கை. பெரும்பாலும் அப்போது ஆஸ்பத்திரியிலேயே இருப்பீர்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் நோட்டை மூடிவிட்டு உடனே மாற்று மையத்துக்குப் போன் அடியுங்கள். ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, இரவு இரண்டு மணியானாலும் சரி.