மனைப் பிரிவு, பூங்கா இடம், டவுன் பஸ்: கிராம சபையில் நாம் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள்

சேலம் மாவட்டம் குப்பனூர் பக்கம் எந்த ரோட்டில் போனாலும் இப்போது கலர்க் கொடி கட்டிய மனைப் பிரிவு ஒன்றாவது கண்ணில் படுகிறது. போன வருஷம் மரவள்ளி நின்ற காடு, இந்த வருஷம் கல் நட்டு, வாசலில் ஆர்ச் வைத்து நிற்கிறது. டீக்கடையில் இதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. ஆனால் பேச வேண்டிய இடத்தில், பேச வேண்டிய நேரத்தில் பேசுகிறோமா என்றால் இல்லை. பல வருஷமாகக் கிராம சபைக்குப் போய்வருகிறேன், ஒரே தவறுகளால் நியாயமான கோரிக்கைகள் அப்படியே வீணாகப் போவதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

இருப்பதிலேயே பெரிய தவறு, வீடு, மரம், பஸ் மூன்றையும் தனித்தனிப் பிரச்சினையாக நினைப்பது. ஒருத்தர் எழுந்து "புது மனையே வேண்டாம்" என்பார், இன்னொருத்தர் "பிள்ளைங்க விளையாட இடமில்லைங்க" என்பார், பின்னால் உட்கார்ந்திருக்கிற அக்கா "காலையில ஒரு பஸ்ஸாவது விடச் சொல்லுங்க" என்பார். மூன்றுக்கும் அடித்தளம் போடுவது ஒரே காகிதம்தான், அந்த மனைப் பிரிவின் வரைபடம். ரோடு எத்தனை அடி, அது பக்கத்து மனைப் பிரிவின் ரோட்டோடு சேருகிறதா, முட்டி நிற்கிறதா, பூங்கா எந்த மூலையில், வாய்க்கால் எந்தப் பக்கம் என்று எல்லாம் அதில்தான் கோடாக விழுகிறது. உள்ளே இருக்கும் அத்தனை ரோடும் 23 அடியாகவே இருந்து ஒவ்வொன்றும் அடுத்தவன் வேலியில் போய் முட்டினால், அங்கே நூறு வீடு வந்தாலும் பஸ் உள்ளே வந்து திரும்ப முடியாது. அப்புறம் எத்தனை மனு கொடுத்து என்ன?

அதனால் நேரம் முக்கியம். கொடி கட்டி, விளம்பரம் வந்து, பாதி மனை விற்ற பிறகு கூட்டத்தில் கத்துவது எல்லா ஊரிலும் நடக்கிறது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலுக்குப் போகும்போது, ரோட்டையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்போது, அதாவது வரைபடம் இன்னும் காகிதமாக இருக்கும்போது கேட்க வேண்டும். காட்டைச் சமப்படுத்த ஜேசிபி வந்த வாரமே ஊராட்சி அலுவலகத்தில் "இதுக்கு என்ன அனுமதி வாங்கியிருக்காங்க, வரைபடத்தைக் காட்டுங்க" என்று எழுதிக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் 2005-ஆம் வருஷத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவு ரெராவில் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையம்) பதிவாகியிருக்க வேண்டும், அந்தப் பதிவு எண்ணை விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள், அதை வைத்தும் தேடலாம்.

பூங்கா இடம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதிகம் பறிபோவது அதுதான். தமிழ்நாட்டில் 2019-ஆம் வருஷக் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுவுக்கு ஒதுக்கி, உள்ளாட்சி பேரில் பதிவு செய்த தானப் பத்திரமாகக் கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை இடமாகத் தரலாம், இல்லையென்றால் அதற்குரிய மதிப்பைப் பணமாகக் கட்டலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் "அவர் இடம், அவர் இஷ்டம்" என்று விட்டுவிடுகிறோம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனைப் பிரிவில் அப்படித்தான் ஆனது. வரைபடத்தில் பூங்கா என்று இருந்த இடத்தில் முதலில் மணல் கொட்டினார்கள், யாரும் கேட்கவில்லை. அப்புறம் போர் பைப் அடுக்கினார்கள். ஒரு நாள் சாயங்காலம் நாங்கள் நாலு பேர் அம்பது அடி டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தால், ஒரு பக்கம் பதினெட்டு அடி குறைகிறது, அந்தப் பதினெட்டு அடிக்குள் புதுக் கல் நட்டு, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, மனை எண்ணும் எழுதியிருந்தது. சுண்ணாம்பு விரலில் ஒட்டியது, அவ்வளவு புதுசு. அந்த நேரத்தில் போனதால் தடுக்க முடிந்தது. சுவர் எழும்பியிருந்தால் நீதிமன்றம்தான்.

நீதிமன்றம் போனாலும் கதவு மூடிவிடவில்லை. பெங்களூரில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் வழக்குப் போடலாம் என்றும் ஏற்றுக்கொண்டது. ஆனால் கையில் தானப் பத்திர எண் இருக்க வேண்டும். பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தால், ஊராட்சி பேருக்குப் பத்திரம் எழுதியிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். பார்ப்பதற்குக் காசு கிடையாது. தானம் எழுதியாகிவிட்டது என்றால் அங்கே பெயர்ப் பலகை வைக்கவும் வேலி போடவும் தீர்மானம் கேளுங்கள்.

சர்வே எண் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு அக்டோபர் 2 கூட்டத்தில் எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தர் எழுந்து, ஏரிக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலை மூடிவிட்டார்கள் என்று கண் கலங்கப் பேசினார். வந்திருந்த அலுவலர் மரியாதையாகத்தான் கேட்டார், "ஐயா, எந்த சர்வே எண்ணுங்க?" அவருக்குத் தெரியவில்லை, கூட்டத்தில் யாருக்குமே தெரியவில்லை. தீர்மானப் புத்தகத்தில் "வாய்க்கால் பற்றிப் பேசப்பட்டது" என்று ஒரு வரி ஏறியது, அவ்வளவுதான். அடுத்த கூட்டத்துக்கு அவருடைய பேத்தி கிராம நிர்வாக அலுவலரிடம் ஏ பதிவேட்டை (சர்வே எண் வாரியாக நிலக் கணக்கு எழுதிய பதிவேடு) பார்த்து, அந்த நிலத்தின் அளவு காட்டும் புல வரைபடமும் எடுத்து, வாய்க்கால் புறம்போக்கைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கு எழுதிய தீர்மானத்தில் எண் இருந்தது, பரப்பு இருந்தது, அளந்து தர வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. சர்வேயர் வந்தார்.

இன்னொன்று, "வீடே கட்டக் கூடாது" என்று பேசாதீர்கள். டவுனுக்குள் வாடகை கொடுத்து முடியாமல்தான் நம் பிள்ளைகளே இங்கே மனை தேடுகிறார்கள். மொத்தமாக வேண்டாம் என்றால் சபை இரண்டாக உடையும், உடைந்தால் லாபம் நமக்கில்லை. ரோடு இணைய வேண்டும், வாய்க்காலை விட்டு விலக வேண்டும், பூங்கா இடம் மூலையில் கிடக்கும் பள்ளமாக இல்லாமல் பிள்ளைகள் நடந்து போகிற இடத்தில் வேண்டும் என்று நிபந்தனையாகக் கேட்டால் மனை வாங்கப்போகிறவரும் நம் பக்கம் நிற்பார்.

மலை மேல் கதையே வேறு. ஏற்காட்டில் நகர் ஊரமைப்பு ஒப்புதல் இருந்தால் போதும் என்று நினைப்பது தவறு. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு அங்கே உண்டு. எஸ்டேட்டில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கைக்கூட நினைத்தபடி வெட்ட முடியாது, மலைப் பகுதி மரப் பாதுகாப்புக்கு 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. கீழே இருக்கிற நாமும் இதைக் கேட்க வேண்டும். திருமணிமுத்தாறு பிறப்பது அந்த மலையில்தான், மேலே மரம் போனால் கீழே கிணறு காயும்.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன். ஊராட்சித் தலைவரைப் பிடித்து "பஸ் விடு" என்று சண்டை போடுவது வீண். பஸ் விடும் அதிகாரம் ஊராட்சிக்குக் கிடையாது. அரசுப் பேருந்து என்றால் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டம், மினி பஸ் என்றால் வட்டாரப் போக்குவரத்து (ஆர்.டி.ஓ.) அலுவலகம் வழியாக ஆட்சியர். 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் போகாத பகுதியாக இருக்க வேண்டும். ஆகவே "எங்க ஊருக்கு பஸ் வேணும்" என்று எழுதாமல், எங்கே தொடங்கி எந்த நிறுத்தங்கள் வழியாக எங்கே முடிய வேண்டும், அதில் எத்தனை கிலோமீட்டரில் இன்றைக்குப் பஸ் இல்லை என்று எழுதுங்கள். கிராம சபைத் தீர்மான நகலை இணைத்துத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ரசீது வாங்குங்கள்.

இருக்கிற பஸ்ஸை இழப்பதுதான் இன்னும் வேதனை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு இல்லையே என்று நிறைய அக்காமார் டிக்கெட் வாங்காமலே உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தக் கட்டணமில்லா டிக்கெட் கிழித்தால்தான் ஆள் ஏறியது கணக்கில் வரும். பஸ் நிறையப் போனாலும் கணக்கில் காலி என்று இருந்தால், நாளைக்கு அந்த நடையை நிறுத்தும்போது நம்மிடம் பேச என்ன இருக்கிறது? தயவுசெய்து கேட்டு வாங்குங்கள், கண்டக்டர் மறந்தாலும் கேளுங்கள்.

எங்கள் ஊரில் காலை நடை அடிக்கடி வராமல் போனபோது, பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பெண்ணும் அவள் தோழியும் நாற்பது பக்க நோட்டில் எழுத ஆரம்பித்தார்கள். தேதி, பஸ் வந்த நேரம், ஏறினவர்கள், இடமில்லாமல் நின்றுவிட்டவர்கள். கீரைக் கட்டோடு வருகிற பாட்டிகளைத் தனிக் கோடு போட்டு எழுதியிருந்தார்கள், ஏனென்றால் சந்தை நேரம் போனால் அவர்களுக்கு அன்றைக்கு வியாபாரம் இல்லை. ரெண்டு வாரக் கணக்கை எடுத்துக்கொண்டு போனபோது டிப்போவில் உட்காரச் சொல்லிப் படித்தார்கள். 6.50 நடை இப்போது ஒழுங்காக வருகிறது. அந்த நோட்டு இன்னும் ஊராட்சி அலுவலக மேசை மேல்தான் இருக்கிறது, அந்தப் பெண்கள் இப்போது சாயங்கால பஸ்ஸை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.