லான் பவுல்ஸ் போட்டி: ஆண், பெண் தனித்தனியா, கலந்தா?

லான் பவுல்ஸ் என்பது புல்தரையில் 'ஜாக்' என்ற சிறு பந்துக்கு மிக அருகே தங்கள் பந்துகளை உருட்டி நிறுத்தும் ஆட்டம். இதில் கிளப் அளவில் போட்டி நடத்துகிறவர்கள் 'கலப்புப் போட்டி' என்று அறிவித்துவிட்டு, அதற்கு என்ன பொருள் என்று எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். தனிப்பிரிவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு போட்டி. கலப்பு என்றால் ஒவ்வோர் அணியிலும் இரு பாலரும் இருந்தே ஆகவேண்டும். ஓப்பன் என்றால் யாரும் யாரோடும் சேரலாம். நான்கு ஆண்கள் ஓர் அணியாக வந்தால் மறுக்க முடியாது. கலப்பில் எத்தனைக்கு எத்தனை என்பதையும் எழுதவேண்டும். அணிக்கு இருவர் ஆடும் இருவர் ஆட்டத்தில் சிக்கல் இல்லை, நால்வருக்கு இரண்டுக்கு இரண்டு. மூவர் ஆட்டத்துக்கு 'இரு பாலரிலும் குறைந்தது ஒருவர்' என்று போடுங்கள்.

அடுத்தது தலைக்கணக்கு. விருப்பத்தைவிட இதுதான் பெரும்பாலும் முடிவு செய்யும். 22 ஆண்கள், 10 பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். தனித்தனி இருவர் ஆட்டம் வைத்தால் ஆண்களில் 11 அணி, பெண்களில் 5 அணி. அந்த 5 அணிகளும் ஒன்றோடொன்று மோத 10 ஆட்டம், 5 சுற்று. சுற்றுக்கு ஓர் அணி சும்மா உட்காரும். 11 அணிகளை நாக்அவுட்டில் போட்டால் முதல் சுற்றில் 5 அணிகளுக்கு ஆட்டமே இல்லை. கலப்பு இருவர் வைத்தால் 10 அணிதான் தேறும், 12 ஆண்கள் வெளியே. இரண்டுக்கு இரண்டு நால்வர் ஆட்டத்திலும் அதே 12 பேர் வெளியே, அணியோ ஐந்தே ஐந்து. ஒரு பெண், இரண்டு ஆண் என்று மூவர் ஆட்டம் வைத்துப் பாருங்கள்: 10 அணி, 30 பேர், மிச்சம் இருவர் மாற்று ஆட்டக்காரர்கள். ஐந்து ரிங்க், அதாவது ஓர் ஆட்டத்துக்கு ஒன்றாகப் பிரித்த ஐந்து களப் பட்டைகள், போதும்.

மூவர் ஆட்டத்தில் நேரம் அதிகம் பிடிக்கும். ஆளுக்கு 3 பந்து என்றால் ஓர் எண்டுக்கு (இரு அணியும் தங்கள் பந்துகளையெல்லாம் ஒருமுறை உருட்டி முடிப்பது) 18 பந்து. 18 எண்ட் முடிய மூன்று மணி நேரம் ஆகிவிடும். ஒரே நாளில் மூன்று ஆட்டம் வேண்டுமானால் ஆளுக்கு 2 பந்தாக்குங்கள். எண்டுக்கு 12 பந்து, மூன்றில் ஒரு பங்கு மிச்சம். எண்ட் எண்ணிக்கையையும் குறைக்கலாம். மணியடித்து ஆட்டத்தை நிறுத்துவதானால் 'எண்ட் எப்போது தொடங்கியதாகக் கணக்கு' என்பதை எழுதி வையுங்கள். ஜாக் கையை விட்ட நொடி என்பது தெளிவான கோடு. எழுதாவிட்டால் முன்னிலையில் இருப்பவர் மேட்டை (உருட்டுபவர் நிற்கும் விரிப்பு) எடுக்கவே ஐந்து நிமிடம் ஆக்குவார்.

கலப்பு ஆட்டத்தின் உண்மையான கோளாறு இடப்பிரிவில் இருக்கிறது. விதி இல்லாமல் விட்டால் பெண் எப்போதும் லீட் (அணியில் முதலில் உருட்டுபவர்), ஆண் எப்போதும் ஸ்கிப் (கடைசியில் உருட்டும் அணித்தலைவர்). லீட் ஜாக்கை உருட்டி, காலிக் களத்தில் பந்தைச் சேர்க்கிறார். கூடிக்கிடக்கும் பந்துகளைக் கலைக்கும், காப்பாற்றும் தீர்மானமெல்லாம் ஸ்கிப்புக்கு. ஒரு பருவம் முழுக்க லீட்டாகவே ஆடியவருக்கு அந்த ஆட்டம் கைவராது. இருவர் ஆட்டத்தில் இதற்கு நல்ல மருந்து 2-4-2 முறை: லீட் இரண்டு பந்து, ஸ்கிப் நான்கு, மறுபடி லீட் இரண்டு. மூவரிலும் நால்வரிலும் ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாறச் சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவே மாற்றாதீர்கள். உருட்டும் வரிசை பற்றிய விதியோடு முட்டும்.

பெண்களுக்குத் தூரத்தைக் குறைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். ஜாக் மேட் கோட்டிலிருந்து குறைந்தது 23 மீட்டர் போகவேண்டும் என்ற விதி எல்லோருக்கும் ஒன்றே. பந்தை ஜாக் அருகே கொண்டுபோய் நிறுத்துவதற்கு வலுவைவிட அளவறிந்த கைதான் வேண்டும். வலு பேசுவது வேகமாக அடித்து உடைக்கும் டிரைவில், பிறகு ஈரமான, மந்தமான புல்லில். களத்தின் வேகத்தை, உருட்டிய பந்து 27 மீட்டர் தள்ளிப் போய் நிற்க எடுக்கும் நொடிகளால் அளப்பார்கள். புதியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஏனென்றால் வேகமான களத்தில்தான் நொடி அதிகம்: அங்கே மெல்ல விட்டாலே பந்து போய்ச் சேரும். 10 நொடிக் களம் தோளைச் சோதிக்கும், 15 நொடிக் களம் நிதானத்தைச் சோதிக்கும். கலப்புப் போட்டிக்கு மழை விட்டு நன்றாகக் காய்ந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். பந்தின் அளவு 00-இலிருந்து 5 வரை உண்டு. அவரவர் கைக்குப் பொருந்தும் செட்டோடு வரட்டும், ஓர் அணிக்கு ஒரே நிற ஸ்டிக்கர் ஒட்டினால் எண்ணும்போது குழப்பமில்லை.

தனிப்பிரிவை விடக்கூடாத இடமும் உண்டு. வெற்றியாளர் அடுத்த மட்டத்து ஆண்கள், பெண்கள் போட்டிக்குப் போகவேண்டுமானால் கிளப்பிலும் தனியாகத்தான் நடத்தவேண்டும். இந்தப் பிரிவினை பழையது. காமன்வெல்த் விளையாட்டில் 1930-இலேயே ஆண்கள் ஆடினார்கள். பெண்களுக்கு 1982-இல், பிரிஸ்பேனில், மூவர் ஆட்டமாகத்தான் முதல் இடம் கிடைத்தது. இங்கிலாந்தில் ஆண்கள் சங்கமும் பெண்கள் சங்கமும் ஒன்றானதே 2008-இல்தான்.

கடைசியாக, வராதவர்கள். கலப்பு அணியின் ஒரே பெண் காலையில் வராவிட்டால் என்ன செய்வது என்பதைப் பெயர்ப் பதிவு முடியும் முன்பே அறிவியுங்கள்: பெண் மாற்று ஆட்டக்காரர் மட்டுமா, யாரும் ஆடலாமா, எத்தனை நிமிடம் காத்திருப்பது. மேலே சொன்ன கணக்கில் மிச்சமிருக்கும் இருவரும் ஆண்கள். அதனால் 'யாரும் ஆடலாம், ஆனால் ஸ்கிப்பாக ஆடக்கூடாது' என்று வைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.