இரண்டு வயது இராசேந்திரனுக்கு ஒரு பஞ்சகச்சம்

மாறுவேடப் போட்டிக்குக் குழந்தையை இராசேந்திர சோழனாக்க வேண்டும் என்றதும் பலர் வெல்வெட் அங்கியைத் தேடிப் போகிறார்கள். வேண்டாம். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள்: திறந்த மார்பு, கழுத்தணி, இடைக்கச்சை, காலோடு ஒட்டிய ஆடை. பினாங்குப் புழுக்கத்துக்கும் அதுதான் இதம். 1025-இல் அவன் படை வென்ற கடாரம் அக்கரையில் இருக்கும் நம் கெடா மாநிலம்தான். வானம் தெளிந்த நாளில் இங்கிருந்தே அங்குள்ள ஜெராய் மலை தெரிகிறது. இங்கு வளரும் பிள்ளைக்கு அந்த வேடத்தைச் சரியாகப் போட்டுவிட வேண்டும்.

பஞ்சகச்சம் தைக்க நான்கு முழப் பருத்தி வேட்டி ஒன்று போதும். தாத்தாவின் பழைய வேட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. துவைத்துத் துவைத்து மென்மையாகியிருக்கும். புதிது என்றால் லெபு பாசார் துணிக்கடைகளில் அகலக் கரை வைத்ததாக வாங்குங்கள். வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது.

குழந்தையின் தொளதொளப்பான பைஜாமாவை, ஒரு காலின் மேல் இன்னொரு கால் வருமாறு மடியுங்கள். வேட்டியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் பைஜாமாவின் வெளிப்பக்கத்தையும், கரையின் மேல் அதன் அடிப்பகுதியையும் பொருத்துங்கள். கரையே கால் விளிம்பாகிவிடுவதால் அங்கே மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். சுற்றி வரையும்போது உள்காலில் 3 செ.மீ., இடுப்பில் 4 செ.மீ., கவட்டு வளைவில் 5 செ.மீ. கூடுதலாக விடுங்கள். டயாப்பருக்கு இடம் வேண்டுமல்லவா? பின்பக்க வளைவுதான் பெரியது; அதை ஒட்டியே வரையுங்கள். இதேபோல் இரண்டு துண்டுகள்.

ஒவ்வொரு காலின் உள்பக்கத்தையும் தனித்தனியாகத் தையுங்கள். ஒரு காலை நல்ல பக்கம் தெரியத் திருப்பி மற்றதனுள் நுழைத்து, கவட்டு வளைவை ஒரே ஓட்டமாகத் தையுங்கள். அங்கே இரட்டைத் தையல் கட்டாயம். இடுப்பை மடித்துத் தைத்து எலாஸ்டிக் கோத்துவிடுங்கள். இடுப்பு 48 செ.மீ. என்றால் எலாஸ்டிக் 44 போதும்.

இனி விசிறி மடிப்பு. இந்த ஆடைக்கு உயிரே அதுதான். மிச்சத் துணியில் கரையோடு சேர்த்து 40 செ.மீ. அகலத் துண்டு எடுத்து, 5 செ.மீ. அகலத்தில் முன்னும் பின்னுமாக மடித்தால் எட்டு அடுக்கு வரும். குண்டூசி குத்தி, தண்ணீர் தெளித்து அழுத்தி இஸ்திரி போடுங்கள். நீளம் கணுக்காலுக்கு 4 செ.மீ. மேலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை தடுக்கி விழும். முதல் முறை இதை எலாஸ்டிக் மடிப்போடு சேர்த்து இயந்திரத்தில் ஓட்டினேன், ஊசி முறிந்தது. இப்போது முன்பக்க நடுவில் எலாஸ்டிக்குக் கீழே, இரட்டை நூலால் கையாலேயே தைக்கிறேன். குண்டூசிகளை எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுங்கள்.

இடைக்கச்சைக்கு 15 செ.மீ. அகலச் சிவப்புத் துணி, பின்னால் வெல்க்ரோ.

கழுத்தணிக்கு மணியோ முத்தோ வேண்டாம். இந்த வயதில் எல்லாம் வாய்க்குள் போகும். ஜரிகைத் துணியை வளைவாக வெட்டி, உள்ளே வேட்டித் துணி கொடுத்துத் தைத்து, பிடரியில் வெல்க்ரோ வையுங்கள். இழுத்தால் உடனே கழன்றுவிடும். கிரீடத்தைக் கெட்டிக் கம்பளித் துணியில் செய்து, நெற்றி படும் இடத்தில் பருத்திப் பட்டை கொடுங்கள்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பே அணிவித்து, குழந்தையைக் குந்தி உட்காரவும் ஓடவும் விடுங்கள். தொடையில் இழுத்தால் உள்தையலைப் பிரித்து, ஒரு செ.மீ. தளர்த்தித் தையுங்கள்.