பொம்மைல முக்காவாசிய கொட்டான்ல போட்டு பரண்ல ஏத்திருங்க

சின்னப் பிள்ளை இருக்க வீட்ல பொம்மை எல்லாத்தையும் வெளிய பரப்பி வைக்காதீங்க, நாலஞ்சு மட்டும் வளவுல (வீட்டு உள் முற்றத்துல) விட்டுட்டு மிச்சத்த ரெண்டு மூணு கொட்டான்ல (ஓலைக் கூடைல) பிரிச்சுப் போட்டு பரண்ல ஏத்திருங்க, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஒரு கொட்டான எறக்கி மாத்தி விடுங்க. பழைய பொம்மையே புதுசு மாதிரி ஆயிரும், கடைக்குப் போற செலவு மிச்சம், சாயங்காலம் பொறுக்கி வைக்கிற வேலையும் கொறையும்.

நிறைய கெடந்தா பிள்ளை ஒண்ண எடுத்து கொஞ்சம் உருட்டிட்டு அடுத்ததுக்குத் தாவிரும், எதுலயும் மனசு நிக்காது, அப்பறம் போரடிக்குதுன்னு செல்போன கேக்கும். அமெரிக்காவுல டொலீடோ யுனிவர்சிட்டிக்காரங்க 2018ல வெளியிட்ட ஆய்வுல ஒன்றரைல இருந்து ரெண்டரை வயசுப் பிள்ளைகள 16 பொம்மையோட ஒரு தடவ, 4 பொம்மையோட ஒரு தடவ விளையாட விட்டுப் பாத்தாங்க, 4 இருந்தப்பதான் ஒவ்வொண்ணோடயும் கூட நேரம், விதவிதமாவும் விளையாடுச்சுக. சிங்கப்பூர்ல இருந்து பெட்டி நிறைய பேட்டரி கார் கொண்டு வர்ற மாமாவுக்கு இத யாரு சொல்றது!

கட்டிப்பிடிச்சுத் தூங்குற பொம்மைய மட்டும் மறைக்காதீங்க, ராத்திரி வீடே முழிச்சிருக்கணும். பில்டிங் பிளாக்ஸையும் பிரிக்க வேணாம், மொத்தமா இருந்தாத்தான் ஏதாவது கட்ட முடியும். ஸ்கூல் போற பெரிய பிள்ளைகிட்ட இது எடுபடாது, ஒளிச்ச எடத்த கண்டுபிடிச்சிரும். ஈரப் பொம்மைய அப்படியே போட்டா ஓலைல பூஞ்சணம் பிடிக்கும், ஐப்பசி மழைக்கு பிளாஸ்டிக் டப்பாதான் சரி.