நிதானமாக வேகும் பேக்டு பீன்ஸ்

நேவி பீன்ஸ் எனப்படும் சிறிய வெள்ளைப் பயற்றில் 500 கிராம் எடுத்துக் கழுவி, இரவு முழுவதும் ஊறவையுங்கள். சிங்கப்பூர் வெக்கையில் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடக்கூடும் என்பதால், பாத்திரத்தைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைப்பதே நல்லது. மறுநாள் அந்த நீரை வடித்து, பயற்றில் இயற்கையாக உள்ள நச்சு நீங்கப் புதுத் தண்ணீரில் 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, பிறகு தீயைக் குறைத்து, விரலால் நசுக்கினால் மாவாக மசியும் வரை வேகவையுங்கள். இந்தப் பதம் வருமுன் தக்காளியைச் சேர்க்கவே கூடாது. அதன் புளிப்பு பயற்றை மெத்தென்று வேகவிடாது. அடுத்து வதக்கிய வெங்காயம், தக்காளி விழுது, கடுகுத்தூள், உப்பு ஆகியவற்றைச் சேருங்கள். இனிப்புக்குக் குலா மெலாக்கா எனும் தென்னை வெல்லத்தை 3 மேசைக்கரண்டி சீவிப் போடலாம். அதன் புகைமணம் இதற்கு மிகவும் பொருந்தும். பயறு மூழ்குமளவு வேகவைத்த நீரையே ஊற்றி மூடி, ஓவனில் 150 பாகை செல்சியஸில் 3 மணி நேரம் விடுங்கள். கடைசி அரை மணி நேரம் மூடியை எடுத்துவிட்டால் சாறு கெட்டியாகிப் பளபளக்கும்.