இனிப்பு இல்லையென்றால் கலோரியும் இல்லையா?

சாயல்குடிப் பக்கம் பதநீர் இறக்கும் பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாமல் விட்டால் சில மணி நேரத்திலேயே பதநீர் நுரைத்துப் புளித்துவிடும், இனிப்பும் குறைந்துவிடும். அந்தச் சர்க்கரை எங்கே போனது? ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக்கிவிட்டது. 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் சுமார் 92 கிராம் ஆல்கஹால் கிடைக்கும். எடைதான் பாதியாகிறது. சர்க்கரையில் இருந்த சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆல்கஹாலுக்குள் வந்துவிடுகிறது.

இது தெரியாததால்தான் “பிராந்தியில் சர்க்கரையே இல்லை, உடம்பு போடாது” என்கிறார்கள். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, கொழுப்பில் 9, ஆல்கஹாலில் 7. 180 மி.லி. குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்றால், அது 77 மி.லி.; எடையில் 61 கிராம். ஏறத்தாழ 425 கலோரி, அதாவது ஏழெட்டு இட்லி. கலந்துகொள்ளும் கோலாவும் வறுத்த நெத்திலியும் இந்தக் கணக்கில் வரவில்லை.

பீரும் லேசானதல்ல. 5 சதவீத பீர் 650 மி.லி. குடித்தால் ஆல்கஹாலில் இருந்தே 180 கலோரி வருகிறது. தானியத்தின் மிச்ச மாவுச்சத்து தனி.

“கடலில் வலை இழுத்தால் குடித்ததெல்லாம் வியர்வையில் போய்விடும்” என்று மீனவர்கள் நினைப்பதும் தவறு. வியர்வையில் போவது மிகச் சொற்பம். கல்லீரல்தான் ஆல்கஹாலை மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை எரிக்க வேண்டும். அதுவரை கொழுப்பு எரிவது தள்ளிப்போகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். உழைப்பு நின்றும் குடி தொடர்ந்தால் தொப்பை விழாமல் என்ன செய்யும்?

என்னை மிகவும் பயமுறுத்தும் தவறு வேறு. கலோரியைச் சரிக்கட்டுவதாக நினைத்து, சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடிப்பது. ஆல்கஹாலை எரிக்கும் கல்லீரலால் அப்போது புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்க முடியாது. இரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கும். கை நடுங்கும், உடல் வியர்க்கும், பேச்சு குழறும். வீட்டார் போதை என்று நினைத்துத் தூங்க விட்டுவிடுவார்கள். நினைவு இருந்தால் உடனே சர்க்கரையோ கருப்பட்டியோ கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள்.