போட்டிக்கு முந்தைய வாரம்: இளம் நீச்சல் வீரர்களுக்கு 16 வாரப் பயிற்சித் திட்டம்

போன வருடம் போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்க என் 13 வயது மகளை மெதுவாகவே நீந்த வைத்தேன். ஓய்வெடுத்தால் வேகம் வரும் என்று நினைத்தேன். போட்டி முடிந்து கரையேறியவள், "கைக்குத் தண்ணியே பிடிபடலப்பா" என்றாள். இந்த வருடம் அதைச் சரிசெய்துவிட்டோம்.

படி 1: போட்டி நாளிலிருந்து பின்னோக்கி 16 வாரம் எண்ணுங்கள். முதல் 8 வாரம் அடித்தளம்: நீண்ட தூரம், கிக் (கால் உதைப்பு மட்டும்), ட்ரில் (நுட்பப் பயிற்சி). அடுத்த 5 வாரம் வேகம் கூட்டுவது, 2 வாரம் போட்டி வேகத்தில் பழகுவது, கடைசி வாரம் டேப்பர், அதாவது போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைப்பது. இதற்குச் செயலி வேண்டாம். சுவர்க் காலண்டரும் நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவும் போதும். பிள்ளை கண்ணில் தினமும் படும்.

படி 2: மூன்று வாரம் ஏற்றி, நான்காவது வாரம் இறக்குங்கள். எங்களுக்கு 20, 22, 24 கிலோமீட்டர், அப்புறம் 15. செய்த பயிற்சியை உடம்பு வாங்கிக்கொள்வது அந்த நான்காவது வாரத்தில்தான்.

படி 3: 400 மீட்டரையும், நன்றாக ஓய்வெடுத்து 200 மீட்டரையும் முழு வேகத்தில் நீந்தவிட்டு நேரம் எடுங்கள். 6:00, 2:50 என்றால் வித்தியாசம் 190 விநாடி. அதில் பாதி, 95. அடித்தளப் பயிற்சியில் 100 மீட்டருக்கு 1:35 என்பதுதான் அவளுடைய வேகம்.

படி 4: டேப்பர். நான் தவறியது இங்கேதான். குறைக்க வேண்டியது தூரத்தை மட்டும். வேகத்தையும் பயிற்சி நாட்களையும் தொடக்கூடாது. தினம் 4,000 மீட்டர் நீந்துபவள் 3,000, 2,400 என்று இறங்கிக் கடைசியில் 2,000-க்கு வரலாம். 100 மீட்டரை 1:16-இல் முடிப்பது இலக்கு என்றால், 50 மீட்டர் ரிப்பீட் (இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப நீந்துவது) அப்போதும் 38 விநாடிதான். எட்டுக்குப் பதில் நாலு, நடுவே கூடுதல் ஓய்வு. பெரியவர்களைப் போல இரண்டு வாரம் இழுக்காதீர்கள். இந்த வயதுக்கு ஒரு வாரமே தாராளம்.

பின்சேர்க்கை: படி 3-இல் நேரம் குழப்புகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஒரு முறை 25 மீட்டர் குளத்திலும் அடுத்த முறை 50 மீட்டர் குளத்திலும் எடுத்திருக்கிறார்கள். சின்னக் குளத்தில் திரும்பல் அதிகம். சுவரை உதைத்துக் கிளம்பும் வேகத்தில் நேரம் குறையும். எப்போதும் ஒரே குளத்தில் எடுங்கள்.

பரீட்சை வந்தால்? இறக்கும் வாரத்தை அங்கே நகர்த்திக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட வாரத்தில் 24 கிலோமீட்டர் வேண்டவே வேண்டாம்.